மீனின் வயிறும் சிப்பாயின் தோளும்

என் தோழி ஒருத்தி இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்தில் இரண்டு வருடம் படித்துவிட்டு ஊர் திரும்பினாள். வரும்போது எனக்கு ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தாள். திறந்தால் உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் கை தனி, தலை தனி, துப்பாக்கி தனி, முதுகுப்பை தனி என்று கொடியில் காய்த்த காய்களைப் போல ஒட்டிக்கொண்டிருந்தன. வெட்டி எடுத்து, ஒட்டி, நிற்க வைத்தால் ஒரு சிப்பாய். 1815-ஆம் ஆண்டு வாட்டர்லூ போர்க்களத்தில் நின்ற பிரிட்டிஷ் காலாட்படைக்காரன். உயரம், பாதத்திலிருந்து கண் வரைக்கும் 28 மில்லிமீட்டர். என் கட்டைவிரலின் மேல் கணு அளவுதான்.

"சித்தி, இத்தனூண்டு ஆளுக்குப் பெயின்ட் அடிக்கணுமா?" என்றாள் என் அக்கா மகள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கோடை விடுமுறைக்கு வந்திருந்தாள்.

அடிக்கத்தான் வேண்டும். உலகத்தில் எத்தனையோ பேர், சின்னவர்களும் பெரியவர்களும், மணிக்கணக்காக உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள். வண்ணம் காய்ந்த பிறகு இந்தச் சிப்பாய்கள் ஒரு பெரிய மேசைக்குப் போவார்கள். மேசையில் அட்டையால் செய்த குன்று, வேலி, ஓடை எல்லாம் இருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று, அளவுகோலால் அளந்து அளந்து படையை நகர்த்துவார்கள். யார் தப்பித்தார், யார் விழுந்தார் என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்வார்கள். இதற்கு வார்கேமிங் என்று பெயர்.

இந்த விளையாட்டு ராணுவத்திலிருந்து வந்தது. 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி, தன் அப்பா உருவாக்கிய போர் விளையாட்டைத் திருத்தி விதிகளோடு வெளியிட்டார். ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவதற்கான விளையாட்டு அது. அதில் சிப்பாய் உருவம் கிடையாது, வரைபடத்தின் மேல் சின்னச் சின்னக் கட்டைகளை நகர்த்துவார்கள். 1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் ஈயச் சிப்பாய்களை உள்ளீடு இல்லாமல் வார்க்கத் தொடங்கினார்கள். உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஓரம் மட்டும் உறைந்ததும் நடுவில் இருப்பதைத் திருப்பிக் கொட்டிவிடுவது. ஈயம் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு. வீட்டுக்கு வீடு சிப்பாய்கள் வந்துவிட்டார்கள். 1913-இல் எச். ஜி. வெல்ஸ், அதாவது கால இயந்திரக் கதை எழுதினாரே அவரேதான், இந்தச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி விளையாடுவதற்கு விதிகள் எழுதிப் புத்தகமாகப் போட்டார். நிஜப் போரைவிட இந்தப் பொம்மைப் போர் எவ்வளவோ மேல் என்று அதில் மனதாரச் சொன்னார். அடுத்த வருடமே முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது.

இப்போது இந்தச் சிப்பாய்களைச் செய்யும் தொழிலுக்குத் தலைநகரம் போல இருப்பது நாட்டிங்ஹாம். 1983-இல் வெளிவந்த வார்ஹாமர் என்ற விளையாட்டை நடத்தும் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் என் தோழியின் பெட்டிக்குள் சிப்பாய்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

வரலாறு இவ்வளவு போதும். என் அக்கா மகள் கேட்ட இரண்டு கேள்விகளுக்குத்தான் நான் வர வேண்டும். முதல் கேள்வியை அவள் சிப்பாயை மூக்கருகே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இவனுக்குக் கண்ணு வரைய முடியுமா சித்தி?"

கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று ஒரு தாளை எடுத்தோம். நிஜ மனிதனோடு ஒப்பிட்டால் இந்தச் சிப்பாய் ஏறத்தாழ 60-இல் ஒரு பங்கு. அவனைக் கையில் பிடித்துக் கையை முழுதாக நீட்டினால் கண்ணுக்கும் அவனுக்கும் நடுவே சுமார் 60 சென்டிமீட்டர். 60-ஐ 60-ஆல் பெருக்கினால் 3,600 சென்டிமீட்டர், அதாவது 36 மீட்டர். நீட்டிய கையில் இருக்கும் சிப்பாய், 36 மீட்டர் தள்ளி நிற்கும் உண்மையான ஆள் எவ்வளவு பெரிதாகத் தெரிவாரோ அவ்வளவுதான் தெரிவான். கிரிக்கெட் பிட்சின் நீளம் 20 மீட்டர். கிட்டத்தட்ட இரண்டு பிட்ச் தூரம். அவ்வளவு தூரத்தில் நிற்பவருடைய சட்டைப் பொத்தான் உங்களுக்குத் தெரியுமா?

நல்ல பார்வை உள்ள கண்ணால் எவ்வளவு நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு டிகிரியை 60 துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு. 60 சென்டிமீட்டர் தூரத்தில் அது 0.17 மில்லிமீட்டர். இப்போது நம் கண்ணின் கருவிழியை அளந்தால் 12 மில்லிமீட்டர் விட்டம். 60-ஆல் வகுத்தால் 0.2 மில்லிமீட்டர்.

0.17-உம் 0.2-உம்! பார்வையின் எல்லைக் கோட்டுக்கு ஒரு தலைமுடி அகலம்கூட உள்ளே இல்லை. சிப்பாயின் கருவிழி தெரியுமா தெரியாதா என்கிற விளிம்பில்தான் நிற்கிறது. இந்தக் கணக்கு முடிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு முகம் முகமாகத் தெரிவதற்கு ஏறக்குறைய இதுதான் கடைசிப் படி. தலையையும் கைகளையும் நிஜ அளவைவிடச் சற்றுப் பெரிதாகச் செதுக்கும் வழக்கம் நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சரியான அளவில் செய்த விரல், மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் கண்ணுக்கு வெறும் கம்பியாகத் தெரியும்.

அவள் வண்ணம் தீட்ட உட்கார்ந்தாள். சிவப்புக் கோட்டு. நெஞ்சில் குறுக்காக வெள்ளை வார். சாம்பல் கால்சட்டை. கறுப்புத் தொப்பி. கோடு தாண்டாமல், பொறுமையாக, ஒரு மாலை முழுக்க. காய்ந்ததும் மேசையின் அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்து பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"கிட்டக்க நல்லாத்தான் இருந்துச்சு. தள்ளி வெச்சா ஒரே சிவப்புக் கட்டியா தெரியறான்."

"நிழல் தீட்டணும். மடிப்புக்குள்ள இருட்டு, மேடான இடத்துல வெளிச்சம்" என்றேன்.

அப்போதுதான் இரண்டாவது கேள்வி வந்தது. "தாள்ல வரையறப்போ நிழல் போடறோம், சரி. தாள் தட்டை. இவன்தான் உருண்டையா இருக்கானே? இவன்மேல நிஜ வெளிச்சம் படுது, நிஜ நிழல் விழுது. அப்புறம் நாம எதுக்குத் தனியா நிழல் வரையணும்?"

இந்தக் கட்டுரை எழுதுவதே அந்தக் கேள்விக்காகத்தான். பல வருடம் வண்ணம் தீட்டியவர்களைக் கேட்டாலும் பலர் "அப்பத்தான் நல்லா இருக்கும்" என்பார்கள். ஏன் நல்லா இருக்கும்?

முதலில் வெளிச்சத்தைப் பார்ப்போம். மைதானத்தில் வெயிலில் நிற்கும் ஆளின் மேல் ஒளி எங்கிருந்து வருகிறது? வானத்தில் சூரியன் அடைத்திருக்கும் அகலம் அரை டிகிரிதான். கையை நீட்டிச் சுண்டுவிரலைக் காட்டினால் சூரியன் முழுதும் மறைந்துபோகும் (கண்ணைச் சூரியனுக்கு நேரே வைக்காதீர்கள், முழு நிலாவை வைத்துச் செய்து பாருங்கள், அதன் அகலமும் அதேதான்). இவ்வளவு சின்ன இடத்திலிருந்து ஒளி வருவதால் நிழல் கத்தரித்தாற்போல் விழும். கோட்டின் மடிப்பு ஒவ்வொன்றும் கறுப்புக் கோடாகத் தெரியும். வீட்டுக்குள் அப்படியா? நாலடி நீள டியூப் லைட். அதன் ஒளி வெள்ளைச் சுவரில் பட்டு, கூரையில் பட்டு, மேசையில் பட்டு எல்லாப் பக்கமிருந்தும் திரும்பி வருகிறது. ஒரு பக்கத்து விளக்கு போட்ட நிழலை மறுபக்கத்துச் சுவர் அழித்துவிடுகிறது. சிப்பாயின் மடிப்புக்குள் இருட்டு தங்குவதே இல்லை. பள்ளம் இருக்கிறது, பள்ளத்துக்கு உரிய நிழல் இல்லை.

நிழல் இல்லாவிட்டால் என்ன போயிற்று? நம் மூளைக்கு அதுதான் பெரிய சிக்கல்.

ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு ரூபாய் நாணயத்தை வைத்து எட்டு வட்டம் போடுங்கள். நான்கு வட்டங்களுக்கு அடிப்பக்கம் பென்சிலால் கறுப்பாக்கி, மேலே போகப் போக மங்கலாக்கி, உச்சியில் வெள்ளையாக விடுங்கள். மீதி நான்கையும் தலைகீழாக, மேலே கறுப்பு, கீழே வெள்ளை என்று தீட்டுங்கள். தாளைத் தள்ளி வைத்துப் பாருங்கள். முதல் நான்கும் இட்லி போல மேலே எழும்பி நிற்கும். மற்ற நான்கும் பணியாரக் கல்லின் குழி போல உள்ளே போகும். தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். இட்லி குழியாகும், குழி இட்லியாகும்!

இதை விரிவாக ஆராய்ந்து 1988-இல் வெளியிட்டவர் வி. எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்காவில் மூளையையும் பார்வையையும் ஆராயப் போனவர். அவர் சொன்ன விளக்கம் இது. சூரியன் எப்போதும் தலைக்கு மேலே இருக்கும் உலகத்தில் நம் மூளை வளர்ந்திருக்கிறது. ஆகவே "வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும்" என்று அது யாரையும் கேட்காமல் முடிவு செய்துகொள்கிறது. மேலே வெளுப்பும் கீழே கறுப்பும் இருந்தால் மேடு. மேலே கறுப்பு என்றால் பள்ளம். நாம் யோசித்துக் கண்டுபிடிப்பது இல்லை, பார்த்த அதே கணத்தில் மூளை முடித்துவிடும்.

இன்னொன்றும் செய்யுங்கள். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து கால்களுக்கு நடுவே பாருங்கள். தாளை யாரும் திருப்பவில்லை. விளக்கும் அதே இடத்தில்தான். ஆனாலும் இட்லியும் குழியும் இடம் மாறிவிடும். மூளைக்கு "மேலே" என்றால் வானம் இருக்கும் பக்கம் இல்லை, உச்சந்தலை இருக்கும் பக்கம். என் அக்கா மகள் இதை அப்படியே குனிந்து நின்று ஆறு முறை பார்த்தாள். அவள் அம்மா வந்து "என்னடி பண்றே?" என்று கேட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

ஆக, உருண்டையாக இருப்பது மட்டும் போதாது. உருண்டை என்று மூளைக்குச் சொல்ல நிழல் வேண்டும். அந்தச் சேதி டியூப் லைட் வெளிச்சத்தில் கரைந்துபோவதால் தூரிகையால் அதைத் திரும்ப எழுதுகிறோம்.

இதே பாடத்தைத் தலைகீழாகப் படித்து வைத்திருப்பவை மீன்கள். சந்தையில் கானாங்கெளுத்தியையும் சூரையையும் பார்த்திருப்பீர்கள். முதுகு கருநீலம், வயிறு வெள்ளிபோல வெள்ளை. கோடியக்கரையில் திரியும் ஆண் வெளிமானும் அப்படியே, முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. ஏன்? அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் 1890-களில் இதற்கு ஒரு காரணம் சொன்னார். வெளிச்சம் மேலேயிருந்து விழும்போது முதுகு பளிச்சென்றும் வயிறு இருட்டாகவும் தெரியவேண்டும். முதுகையே கறுப்பாகவும் வயிற்றையே வெள்ளையாகவும் வைத்துக்கொண்டால்? வெளிச்சம் வெளுக்கும் இடத்தை நிறம் கறுப்பாக்கும், நிழல் கறுக்கும் இடத்தை நிறம் வெளுப்பாக்கும். கூட்டிக் கழித்தால் உடம்பு முழுக்க ஒரே சாயல். உருண்டை என்ற சேதியே அழிந்துபோகும். தின்ன வருகிறவன் கண்ணுக்கு அங்கே ஓர் உடம்பு இருப்பதே படாது.

1896-இல் பறவையியல் அறிஞர்கள் முன்னால் தேயர் இதைச் செய்து காட்டினார். எதை வைத்துத் தெரியுமா? சர்க்கரைவள்ளிக் கிழங்கு! தரைக்குக் கொஞ்சம் மேலே கம்பியில் கிழங்குகளை நிறுத்தி, சிலவற்றுக்கு ஒரே நிறம் பூசி, சிலவற்றுக்கு மீனைப் போல மேலே அடர்த்தியாகவும் கீழே வெளுப்பாகவும் பூசினார். ஒரே நிறம் பூசியது தூரத்திலிருந்தே தெரிந்தது. மற்றது சற்றுத் தள்ளிப் போனதும் கண்ணைவிட்டு மறைந்தது.

மீன் தன் உருவத்தை ஒளித்துக்கொள்ளப் பார்க்கிறது. நம் சிப்பாய்க்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. அவன் தோளும் தொப்பியும் வெளுக்க வேண்டும், கக்கமும் கோட்டின் அடியும் கறுக்க வேண்டும். வண்ணம் தீட்டுபவர்கள் மீனைக் கவிழ்த்துப் போட்டாற்போலத் தீட்டுகிறார்கள்.

இதற்கு ஓர் அழகான வழி வைத்திருக்கிறார்கள். முதலில் பிரைமர் என்ற அடிப்பூச்சைக் கறுப்பில் முழுவதும் அடிப்பது. அது காய்ந்ததும் வெள்ளை ஸ்பிரேயை நேர் மேலேயிருந்து மட்டும் லேசாகத் தூவுவது. மழை பெய்யும்போது உங்கள் தலையும் தோளும் நனையும், கக்கம் நனையாது அல்லவா? அதேபோல வெள்ளை விழும் இடமெல்லாம் வெளிச்சம் படும் இடம், விழாத இடமெல்லாம் நிழல். இதன் மேல் மெல்லிசான நிறத்தைப் பூசினால் அடியில் இருக்கும் கறுப்பு வெள்ளை அதன் வழியே தெரியும். ஸ்பிரேயை மட்டும் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, வெட்டவெளியில் அடியுங்கள். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு, அளவுக்கு மீறி அடிக்காதீர்கள். பள்ளிக்கூட மாதிரிக்குத் தெர்மாகோலில் மலை செய்து ஸ்பிரே அடித்தவர்களுக்கு அது உருகிப் பள்ளம் பள்ளமாகப் போன அனுபவம் இருக்கும். ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் செய்த வேலை அது. இந்தச் சிப்பாயும் தெர்மாகோலும் ஒரே பொருள்தான், பாலிஸ்டைரீன். ஒன்று உள்ளே காற்று நிறைந்த நுரை, மற்றது கெட்டியானது. சிப்பாயின் கையை உடம்போடு ஒட்டும் பசை அந்தக் கரையும் குணத்தைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாகக் கலந்துவிடுகிறது. பசை ஆவியான பிறகு கையும் தோளும் ஒரே பிளாஸ்டிக்.

இனி வண்ணம். "மெல்லிசாப் பூசு, ரெண்டு தடவை பூசு" என்று இந்தத் துறையில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்வார்கள். காரணம் எளிது. கோட்டின் பொத்தான் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் எழும்பி இருக்கிறது. கெட்டியாக ஒரு பூச்சு அப்பினால் பொத்தான் புதைந்துபோகும். அக்ரிலிக் வண்ணத்தில் மூன்று பொருள்கள். நிறம் தரும் பொடி, அதாவது நிறமி. அதைப் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் துகள்கள். இரண்டையும் மிதக்கவிடும் தண்ணீர். தண்ணீர் ஆவியாகப் பிளாஸ்டிக் துகள்கள் நெருங்கி நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். ஃபெவிகாலைக் கையில் தடவிக் காயவிட்டு உரித்து விளையாடியிருப்பீர்கள். ஈரத்தில் பால் போல இருந்தது காய்ந்ததும் கண்ணாடி போல ஆகும். இங்கேயும் நடப்பது அதுதான்.

ஆனால் எல்லா நிறமும் ஒன்றுபோல மூடுவதில்லை. என் அக்கா மகளின் சிவப்பு, கறுப்பு அடிப்பூச்சின் மேல் இரண்டு தடவை பூசியும் காய்ந்த மிளகாய் போல மங்கலாகவே இருந்தது. வெள்ளையோ ஓரிரு பூச்சிலேயே கறுப்பை மறைத்தது. ஏன்?

வடையைச் செய்தித்தாளில் சுற்றித் தருகிறார்களே, எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி ஆகி மறுபக்கத்து எழுத்து தெரியும். தாள் என்பது இழைகளும் நடுவே காற்றும். இழைக்குள் ஒளி ஒரு வேகத்தில் போகும், காற்றில் இன்னொரு வேகத்தில் போகும். இழையிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து இழைக்கு என்று எல்லை தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒளி திசைமாறிச் சிதறும். அந்தச் சிதறல்தான் வெண்மை. எண்ணெய் போய்க் காற்று இருந்த இடத்தை அடைத்துவிட்டால்? எண்ணெய்க்கும் இழைக்கும் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய ஒன்று, 1.5-க்குப் பக்கம். எல்லையே இல்லாததுபோல ஒளி நேராகக் கடந்துபோகிறது. சுவரில் சுண்ணாம்பு அடித்தவுடன் பழைய கறை தெரிந்துகொண்டே இருக்கும், காயக் காயத்தான் வெளுக்கும். அங்கே நடப்பது இதன் மறுபக்கம். துகள்களுக்கு நடுவே இருந்த தண்ணீர் போய் அந்த இடத்துக்குக் காற்று வருகிறது.

வெள்ளை வண்ணத்தில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் ஒளிவிலகல் எண் 2.7 வரைக்கும் போகும். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் படலத்துக்கு 1.5 மட்டும். வித்தியாசம் பெரிது, சிதறல் பெரிது, அடியில் இருப்பது மறைந்துவிடும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் நிறமிகள் பலவற்றுக்கு அந்த வித்தியாசம் சிறியது. ஒளி அவற்றைக் கடந்து அடியிலுள்ள கறுப்பைத் தொட்டுவிடும், கறுப்பு அதை விழுங்கிவிடும். ஆகவே சிவப்புக்கு முன்னால் ஒரு செங்கல் நிறத்தையோ இளஞ்சிவப்பையோ கீழே பூசிக்கொள்ள வேண்டும். அதைச் செய்ததும் கோட்டு உயிர் பெற்றது.

அந்தக் கோட்டின் சிவப்பைப் பற்றி ஒன்று சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. நிஜச் சிப்பாய்களின் கோட்டுக்கு மஞ்சிட்டி இனத்துச் செடி ஒன்றின் வேரிலிருந்து எடுத்த சாயம். அதன் சிவப்புக்குக் காரணமான அலிசரின், சோழமண்டலக் கரையின் துணிகளைச் சிவப்பாக்கிய நம் சாயவேரிலும் இருக்கிறது. அதிகாரிகளின் கோட்டு மட்டும் இன்னும் பளிச்சென்று இருக்கும். அது சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் என்ற சின்னஞ்சிறு பூச்சியைக் காயவைத்து எடுத்தது. மெக்சிகோவிலிருந்து வந்த அந்தச் சாயத்துக்கு விலை அதிகம். அதை இங்கேயே விளைவிக்க முடியுமா என்று பார்ப்பதற்காக, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். முயற்சி பலிக்கவில்லை. ஆனால் சைதாப்பேட்டை வழியாக ரயிலில் போகும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிவப்பு நினைவுக்கு வரும்.

மறுபடி தூரிகைக்கு வருவோம். நிழல்களை ஆழமாக்க வாஷ் என்ற ஒன்று இருக்கிறது. தண்ணீர் போல நீர்த்த கரும்பழுப்பு வண்ணம். சிப்பாய் மேல் தாராளமாகத் தடவினால் அது தானே ஓடிப் பள்ளங்களில் தேங்கும். குறுகிய இடுக்கைக் கண்டால் நீர் அதற்குள் இழுபடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அந்த நுண்புழைச் செயல்தான் மடிப்புக்குள் நிழலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நாம் வரைய வேண்டியதே இல்லை. ஆனால் முதுகுப்பை போன்ற சமமான இடத்தில் வாஷ் சொட்டி நின்றால், காய்ந்த பிறகு ஓரத்தில் அசிங்கமான வளையம் விழும். மேசையில் சிந்திய காபித் துளி காய்ந்ததும் நடுவே வெளுத்து ஓரத்தில் மட்டும் அடர்ந்த வட்டம் விழுமே, அதே வளையம். ஏன் ஓரத்தில் மட்டும்? சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் அவருடைய தோழர்களும் 1997-இல் இதற்கு விடை சொன்னார்கள். துளியின் விளிம்பு மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நகராமல் இருக்கிறது. மெல்லிய விளிம்பில் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது, போகும்போது துகள்களையும் கூட்டிக்கொண்டு போகிறது. தண்ணீர் பறந்துவிடும், துகள்கள் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். ஆகவே தேங்கி நிற்கும் வாஷைக் காய்வதற்கு முன்பே ஈரத் தூரிகையால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

மேட்டுக்கு வெளிச்சம் கொடுக்க டிரை பிரஷ். தூரிகையில் வண்ணத்தைத் தொட்டு, ஏறக்குறைய முழுதும் துணியில் துடைத்துவிட்டு, வெறும் தூரிகையால் வருடுவதுபோல வருட வேண்டும். மேடுகள் மட்டும் நிறம் வாங்கும், பள்ளம் அப்படியே இருக்கும். நாணயத்தின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்ப்பீர்களே, அந்த வித்தைதான். ஒரு குறிப்பு, சிவப்பை வெளுக்க வெள்ளையைக் கலக்காதீர்கள், ரோஜா நிறமாகிப் போகும். கொஞ்சம் ஆரஞ்சு கலந்தால் வெயில் பட்ட சிவப்பு வரும்.

கடைசியாகக் கண். உண்மையில் இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நம் ஊர்ச் சிற்பிகள் சாமி சிலைக்குக் கண் திறப்பதைக் கடைசிக் காரியமாக வைத்திருப்பார்கள். இந்தச் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டுபவர்களில் பலர் கண்ணை முதலில் வரைகிறார்கள். கண் கொஞ்சம் பெரிதாகிவிட்டால் சுற்றிலும் தோல் நிறத்தைப் பூசிக் குறுக்கிக்கொள்ளலாமே என்பது அவர்கள் யோசனை. அடுத்த சிப்பாய்க்கு அப்படியே செய்வதென்று முடிவு செய்தோம்.

தூரிகையின் நுனி ஊசியாக இருக்க வேண்டும். காய்ந்த தூரிகை விரிந்து நிற்கும். தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும்போதும் விரிந்தே நிற்கும், உற்றுப் பாருங்கள். வெளியே எடுத்தால்தான் முடிகள் ஒன்றுகூடிக் கூராகும். முடிகளைச் சுற்றியிருக்கும் நீர்ப்படலம் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கிறது, அந்தப் பரப்பு இழுவிசை முடிகளையும் சேர்த்து இழுக்கிறது. நுனியைக் கூராக்க உள்ளங்கையில் வைத்து உருட்டுங்கள், உதட்டில் வைத்து உருட்டவே கூடாது. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் வண்ணம் தீட்டிய இளம் பெண்கள், சொல்லிக்கொடுத்தபடி உதட்டில் வைத்துத்தான் நுனியைக் கூராக்கினார்கள். ரேடியம் அவர்களுடைய எலும்புக்குள் போய்ச் சேர்ந்தது. தாடை எலும்பு அரித்து, பலர் இறந்தார்கள். நம் வண்ணத்தில் ரேடியம் இல்லை. ஆனாலும் அந்தப் பெண்களை நினைத்து அந்தப் பழக்கத்தைத் தொடங்காமலே இருப்போம். தாத்தா காலத்து ஈயச் சிப்பாய் எங்காவது கையில் கிடைத்தாலும் வாயில் வைக்காதீர்கள், தொட்டால் கையைக் கழுவுங்கள். ஈயம் வளரும் மூளைக்கு விஷம்.

அவள் இரண்டாவது சிப்பாயின் கண் இருக்கும் இடத்தில் கரும்பழுப்பில் ஒரு கீற்று போட்டாள். அதன் நடுவே அரை மில்லிமீட்டர் நீளத்துக்கு வெள்ளை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை மேசையில் ஊன்றி, இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று அணைத்து, வெள்ளையின் நடுவில் கருவிழியை வைத்தாள். சிப்பாய் பேயைக் கண்டவன் போல முழித்தான். கருவிழிக்கு மேலும் கீழும் வெள்ளை தெரிந்தால் பயந்த முகமாகிவிடும். துடைத்துவிட்டு மறுபடி, இந்த முறை கருவிழி மேலிருந்து கீழ்வரை போகும்படி, கொஞ்சம் ஓரமாக.

கையை நீட்டிப் பிடித்தாள். 60 சென்டிமீட்டர். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், மறு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"சித்தி, இவன் யாரையோ பார்க்கிறான்."

"யாரை?"

அவள் சிப்பாயின் பார்வை போன பக்கம் திரும்பினாள். மேசையின் அந்தப் பக்கத்தில், நேற்று அவள் தீட்டிய முதல் சிப்பாய் ஒரே சிவப்பாக நின்றுகொண்டிருந்தான். வாஷ் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே அவனை எடுத்துவர எழுந்தாள்.